30 நாளில் 14 பிளாக், திருட்டுப் புகார்: பூல் நடத்துபவர் பயனர்களிடம் எதையெல்லாம் காட்ட வேண்டும்?

நான்ஸ்_வேட்டை எழுதியது:

வணக்கம். நான் நடத்துவது பிட்காயின் பூல் (பலர் தங்கள் மைனிங் மெஷின்களைச் சேர்த்து ஓட்டி, கிடைக்கும் பிளாக் பரிசைப் பங்கிடும் இடம்). பிபிஎல்என்எஸ் முறை (பிளாக் கிடைக்கும்போது, அதற்கு முன் கடைசியாகச் செய்த வேலையின் விகிதத்தில் பங்கு), கட்டணம் 2%. மொத்த நெட்வொர்க்கில் ஏறக்குறைய 0.5% ஹாஷ்ரேட் (மெஷின்கள் கணக்கிடும் வேகம்). கடந்த 30 நாளில் 21.6 பிளாக் வந்திருக்க வேண்டும், வந்தது 14. டெலிகிராம் குழுவில் இப்போது இரண்டு குற்றச்சாட்டு ஓடுகிறது. ஒன்று, கிடைத்த பிளாக்கை அமுக்குகிறோம். இன்னொன்று, ஷேர்களை (செய்த வேலைக்குச் சான்றாக மெஷின் அனுப்பும் விடைகள்) வெட்டிக் குறைத்துக் கணக்கில் ஏற்றுகிறோம். டாஷ்போர்டில் ஹாஷ்ரேட் மெஷின் காட்டுவதைவிடக் குறைவாகத் தெரிவதும் இதோடு சேர்ந்துகொண்டது.

"லக் சரியில்லை, பொறுத்திருங்கள்" என்று அறிவிப்புப் போட்டால் யாரும் நம்பப்போவதில்லை. நம்பச் சொல்வதைவிட, அவர்களே சரிபார்த்துக்கொள்ளும்படி எதைக் கொடுக்கலாம்? சர்வர் விழுந்தால் என்ன சொல்ல வேண்டும், எவ்வளவு நேரத்துக்குள்? வெளியே சொல்லவே கூடாதது எதுவும் உண்டா? பூல் நடத்துபவர்களும் சரி, பல பூல்களில் மெஷின் ஓட்டுபவர்களும் சரி, சொல்லுங்கள்.

---

ஹாஷ்_கணக்கன் எழுதியது:

முதலில் அந்த 14-ஐ எடுத்துக்கொள்வோம். சராசரி 21.6 என்றால் பாய்சான் பரவலில் 14 அல்லது அதற்குக் குறைவாக வர வாய்ப்பு 5.6%. அதாவது எந்தக் கோளாறும் இல்லாத பூலிலேயே சராசரியாகப் பதினெட்டு மாதத்தில் ஒரு மாதம் இப்படித்தான் இருக்கும். "லக் சரியில்லை" என்று சொல்வதற்குப் பதில் இந்த எண்ணைச் சொல்லுங்கள், கணக்குப் போட்ட வழியோடு.

இதைவிட முக்கியம், கெட்ட மாதம் வந்த பிறகு சொல்லாமல் வருவதற்கு முன்பே சொல்லி வைப்பது. உங்கள் அளவுக்குச் சராசரி இடைவெளி 33 மணி நேரம் சொச்சம். இடைவெளிகள் எக்ஸ்பொனென்ஷியல் பரவலில் வரும். எனவே மூன்று மடங்கைத் தாண்டுவது 20-ல் ஒரு முறை, ஐந்து மடங்கைத் தாண்டுவது 150-ல் ஒரு முறை. வருடத்துக்கு 263 பிளாக் எதிர்பார்க்கும் பூலில், நான்கு நாளுக்கு மேல் பிளாக்கே இல்லாத வறட்சி வருடத்துக்கு 13 தடவை வரும். கிட்டத்தட்ட ஏழு நாள் வறட்சி இரண்டு தடவை வரலாம். சேரும் பக்கத்திலேயே இதை எழுதி வைத்தால், ஐந்தாம் நாள் குழுவில் கத்துபவருக்கு அந்த வரியைக் காட்டினால் போதும். எழுதாமல் விட்டு, வறட்சி வந்த பின் விளக்கினால் அதே உண்மை சால்ஜாப்பாகிவிடும்.

அடுத்தது, லக் என்ற எண்ணையே பல பூல்கள் குழப்பி வைத்திருக்கின்றன. சில இடத்தில் 200% என்றால் நல்லது, சில இடத்தில் 200% என்றால் இரண்டு மடங்கு வேலை வாங்கி ஒரு பிளாக் கிடைத்தது என்று அர்த்தம். எது உங்கள் அர்த்தம் என்பதை அந்த எண்ணுக்கு அடியிலேயே போடுங்கள். ஒவ்வொரு பிளாக்கின் லக்கையும் எடுத்து அப்படியே சராசரி போட்டுக் காட்டாதீர்கள். ஒரு பிளாக் தற்செயலாகச் சில வினாடியில் கிடைத்தால் அதன் லக் பல ஆயிரம் சதவீதம் வரும், சராசரியே வீங்கிவிடும். கணிதப்படி அந்தச் சராசரிக்கு எல்லையே இல்லை. அதற்குப் பதில் எஃபர்ட் காட்டுங்கள்: அந்தப் பிளாக்குக்காக ஏற்ற ஷேர்களின் டிஃபிகல்ட்டி (விடை கண்டுபிடிப்பது எவ்வளவு கடினம் என்ற எண்) கூட்டுத்தொகையை நெட்வொர்க் டிஃபிகல்ட்டியால் வகுத்தது. இதன் சராசரி 100%-ல் வந்து நிற்கும், பாதிப் பிளாக்குகள் 69%-க்குள் வரும். தினம், மாதம், தொடக்கத்திலிருந்து இதுவரை என்று மூன்று காலத்துக்கும் எதிர்பார்த்த பிளாக், கிடைத்த பிளாக் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வையுங்கள். நல்ல மாதத்தில் மட்டும் போஸ்டர் அடித்து, கெட்ட மாதத்தில் அந்தப் பக்கத்தை மறைக்கிற பழக்கத்தை எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

ஒரு எச்சரிக்கை. 5.6% என்பது "தவறில்லை" என்பதற்கு நிரூபணம் ஆகாது. அதே 14 பிளாக், உண்மையான கோளாறாலும் வரலாம். அறிவிப்புப் போடும் முன் நீங்கள் பார்க்க வேண்டியவை: நெட்வொர்க் டிஃபிகல்ட்டியைத் தொட்ட ஷேர் எத்தனை வந்தது, அத்தனைக்கும் நோடிடம் (நெட்வொர்க்கோடு பேசும் மென்பொருள்) சப்மிட்பிளாக் (பிளாக்கை ஒப்படைக்கும் கட்டளை) போனதா, நோடு என்ன பதில் சொன்னது, எத்தனை சங்கிலியில் இருக்கிறது. இந்த நான்கு எண்ணும் ஒத்துப்போனால் அதையே வெளியிடுங்கள். ஒத்துப்போகாவிட்டால் உங்கள் பிரச்சினை லக் அல்ல.

---

ஸ்ட்ராட்டம்_3333 எழுதியது:

ஹாஷ்ரேட் குறையுதுன்னு வர்ற புகார்ல முக்கால்வாசி பத்து நிமிஷ வரைபடத்தைப் பார்த்து வர்றது. கணக்கு இதுதான். 100 டெராஹாஷ் மெஷின், ஷேர் டிஃபிகல்ட்டி 65,536. ஒரு ஷேருக்குச் சராசரி 2.8 வினாடி. பத்து நிமிஷத்துல 213 ஷேர். அதுல இயல்பான ஏற்ற இறக்கம் 7%. அதனால 86-லிருந்து 114 வரைக்கும் டாஷ்போர்டு ஆடினாலும் அது சும்மா ஆட்டம்தான். 24 மணி நேரம் எடுத்தா 30,695 ஷேர், ஏற்ற இறக்கம் 0.6%-க்குள்ள. ஒரு நாள் சராசரி 2% குறைஞ்சா மட்டும் வந்து கேளுங்கன்னு சொல்லலாம், அதுக்கு அர்த்தம் இருக்கு. டாஷ்போர்டுல அந்த ஆட்டத்தோட அளவையும் வெளிறிய பட்டையா வரைஞ்சு காட்டுங்க, பாதி டிக்கெட் குறைஞ்சிடும்.

ஆனா "ஷேரை வெட்டுறாங்க"ன்னு சொல்றதுக்குப் பதில் ஹாஷ்ரேட் வரைபடமே இல்லை. ஏன்னா ஹாஷ்ரேட் ஒரு மதிப்பீடு. ஏற்கப்பட்ட ஷேர் எண்ணிக்கை மதிப்பீடு இல்லை, துல்லியமான எண். மெஷின் அனுப்புன ஒவ்வொரு சப்மிட்டுக்கும் பூல் "சரி"ன்னு பதில் சொல்லுது. அந்த "சரி" எத்தனைன்னு மெஷினோ ப்ராக்ஸியோ எண்ணி வச்சிருக்கும். பூல் தன் கணக்குல எத்தனை ஏத்துச்சோ அதுவும் அதே எண்ணா இருக்கணும். ஒண்ணு கூட வித்தியாசம் வரக்கூடாது. அதனால ஒவ்வொரு வொர்க்கருக்கும் (பயனர் தன் மெஷினுக்கு வச்ச பெயர்), யுடிசி மணிக்கு மணி, டிஃபிகல்ட்டி வாரியா எத்தனை ஷேர் ஏத்தீங்க, எத்தனை தள்ளுனீங்கன்னு ஏபிஐ-ல கொடுங்க. ஹாஷ்ரேட் மட்டும் கொடுத்துட்டு இதை மறைக்கிற பூலை நான் நம்ப மாட்டேன்.

எண்ணிக் காட்டும்போது ஒரு இடத்துல எல்லாரும் சறுக்குறாங்க. வேரியபிள் டிஃபிகல்ட்டி (மெஷின் வேகத்துக்கு ஏத்தபடி பூல் மாத்துற ஷேர் டிஃபிகல்ட்டி) மாறுற நேரம். செட் டிஃபிகல்ட்டி செய்தி வந்தா, அது அடுத்த ஜாப்ல (பூல் மெஷினுக்குக் கொடுக்கிற வேலை) இருந்துதான் பொருந்தும். பழைய ஜாப்புக்கு அப்புறம் வர்ற ஷேர் பழைய டிஃபிகல்ட்டிக்குத்தான் கணக்கு. பயனர் தன் ஸ்க்ரிப்டுல செய்தி வந்த நொடியிலேயே மாத்திட்டா அவர் கணக்கு தப்பா வரும், பழி உங்க மேல வரும். ஏபிஐ விளக்கத்துல இந்த ஒரு வரியை எழுதிடுங்க.

தள்ளுன ஷேரையும் "ரிஜெக்ட் 1.3%"ன்னு மொத்தமா காட்டாதீங்க. காரண எண் வாரியா பிரிங்க. 21 வந்தா ஜாப் பழசு: இணைப்பு தாமதம், இல்லன்னா புது பிளாக் வந்ததும் உங்க பக்கம் வேலை மெதுவா போகுது. 22 வந்தா டூப்ளிகேட், பெரும்பாலும் ப்ராக்ஸியோ ஃபர்ம்வேரோ. 23 வந்தா டிஃபிகல்ட்டி போதலை: மேல சொன்ன மாற்றத்து நேரம், இல்லன்னா அதிகமா ஓவர்கிளாக் பண்ணி சிப் தப்பா கணக்குப் போடுது. இதுல 21 ஒரே நேரத்துல எல்லாருக்கும் ஏறுனா அது உங்க கோளாறு, அதை நீங்கதான் முதல்ல சொல்லணும். ஒருத்தருக்கு மட்டும் ஏறுனா அவர் லைன்.

"பிளாக்கை அமுக்குறாங்க" என்ற புகாருக்கும் நேரடிச் சோதனை உண்டு. பெரும்பாலான மெஷின் தன்னோட பெஸ்ட் ஷேரைக் காட்டும். அது அந்த நேரத்து நெட்வொர்க் டிஃபிகல்ட்டியைத் தாண்டியிருந்தா அது பிளாக். அந்த ஹாஷை எடுத்து ஏதாவது எக்ஸ்ப்ளோரர்ல (பிளாக் சங்கிலியைத் தேடிப் பாக்குற தளம்) தேடச் சொல்லுங்க. இருந்தா கோயின்பேஸ் பரிவர்த்தனையில (பிளாக் பரிசைக் கொடுக்கிற முதல் பரிவர்த்தனை) யாரோட முகவரி இருக்குன்னு தெரிஞ்சிடும். இல்லன்னா லாக்கோட வரச் சொல்லுங்க, சப்மிட்பிளாக் பதிலை வெளியிடுங்க.

---

மெர்க்கிள்_மரம் எழுதியது:

மேலே இருவரும் சொன்னது அளவைப் பற்றி. விதியைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் பூல்கள் அதிகம் பொய் சொல்வது அங்கேதான். பொய் என்றுகூட இல்லை, சொல்லாமல் விடுவது.

பிபிஎல்என்எஸ் என்று மட்டும் எழுதினால் எதுவும் சொன்னதாகாது. ஜன்னல் (பங்குக்காக எண்ணும் கடைசி வேலையின் அளவு) எவ்வளவு? டிஃபிகல்ட்டி அலகில் எழுத வேண்டும். எடுத்துக்காட்டாக, ஜன்னல் நெட்வொர்க் டிஃபிகல்ட்டியின் 2 மடங்கு என்று வைப்போம். டிஃபிகல்ட்டி 100 டிரில்லியன், உங்கள் பூல் 0.5%. ஜன்னல் நிரம்ப 67 மணி நேரம் ஆகும். அந்த நேரம் முழுக்க 100 டெராஹாஷ் ஓட்டியவர் 558.8 கோடி டிஃபிகல்ட்டி சேர்த்திருப்பார். ஜன்னலில் அவர் பங்கு ஒரு லட்சத்தில் 2.79. பிளாக் மானியம் 3.125 பிட்காயின், எனவே ஒரு பிளாக்குக்கு 8,731 சடோஷி (ஒரு பிட்காயினில் பத்துக் கோடியில் ஒரு பங்கு), அதில் 2% கழிவு, பிறகு பரிவர்த்தனைக் கட்டணத்தில் அவர் பங்கு. இந்தக் கணக்கைப் பயனர் தானே போட்டு உங்கள் எண்ணோடு ஒப்பிட முடிய வேண்டும். முடியாவிட்டால் விதி முழுமையாக எழுதப்படவில்லை. நடுவில் டிஃபிகல்ட்டி மாறினால் ஜன்னல் எந்த டிஃபிகல்ட்டியில் அளக்கப்படும், ரவுண்டிங்கில் மிஞ்சும் சடோஷி யாருக்கு, இதெல்லாம் அற்பமாகத் தெரியும். சண்டை இங்கேதான் தொடங்கும். புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் 67 மணி நேரம் பங்கு குறைவாக இருக்கும், விலகிய பின்னும் அதே அளவு நேரம் பங்கு வந்துகொண்டிருக்கும் என்பதையும் சொல்லிவிடுங்கள். முதல் நாளே ஏமாற்று என்று எழுதுபவர்கள் அநேகமாக இதைப் படிக்காதவர்கள்.

பரிவர்த்தனைக் கட்டணம் சங்கிலியில் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். கண்ணுக்குத் தெரியாத வருமானம் இரண்டு. ஒன்று மெர்ஜ்டு மைனிங்: அதே வேலையைக் காட்டி நேம்காயின், ரூட்ஸ்டாக் போன்றவற்றிலும் பூலுக்கு வருமானம் வரலாம். லைட்காயின் பூல் என்றால் 2014 முதல் டோஜ்காயினும் சேர்ந்து வரும், அது சில்லறை வருமானம் இல்லை. இரண்டாவது, பரிவர்த்தனையை முன்னால் ஏற்றித் தர வெளியே தனியாக வாங்கும் பணம். இது கோயின்பேஸில் வரவே வராது. இவற்றைப் பகிர்வதா, பூலே வைத்துக்கொள்வதா என்பது உங்கள் வியாபார முடிவு, இரண்டிலும் தவறில்லை. வாங்கிக்கொண்டே "மொத்தக் கட்டணம் 2%" என்று எழுதுவதுதான் தவறு.

பூலுக்குள் உங்கள் சொந்த மெஷின்கள் ஓடுகின்றனவா என்பதையும் சொல்ல வேண்டும். எத்தனை சதவீதம் என்று சொன்னால் போதும். 2014 ஜூனில் ஜிஹாஷ் பூல் நெட்வொர்க்கில் பாதியைத் தாண்டியபோது அதில் பொதுமக்கள் ஹாஷ் எவ்வளவு, நிறுவனத்தின் சொந்த ஹாஷ் எவ்வளவு என்பதே பெரிய கேள்வியானது. பின்னர் 40%-க்கு மேல் போகமாட்டோம் என்று வாக்குக் கொடுத்தார்கள்.

எந்த நோடு ஓடுகிறது, வேலை கொடுக்கும் முன் முந்தைய பிளாக்கை முழுக்கச் சரிபார்க்கிறதா என்பதும் பயனருக்குத் தெரிய வேண்டியது. 2015 ஜூலை 4 அன்று பிஐபி 66 என்ற பிட்காயின் விதி மாற்றம் அமலான சமயத்தில், தலைப்பை மட்டும் பார்த்துச் சரிபார்க்காமல் மைனிங் செய்த பெரிய பூல்கள் ஆறு பிளாக் நீளத்துக்குச் செல்லாத சங்கிலி மேல் கட்டிக்கொண்டே போயின. அப்போது ஒரு பிளாக்குக்கு 25 பிட்காயின். பூல் சரிபார்க்காமல் ஓடுகிறது என்று அங்கிருந்த பயனர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? புதுப் பிளாக் வந்ததும் சில வினாடிக்குக் காலி பிளாக் ஜாப் கொடுப்பீர்கள் என்றால் அதையும் எழுதுங்கள், இல்லாவிட்டால் ஒரு காலி பிளாக் கிடைத்த அன்று கட்டணத்தை விழுங்கிவிட்டீர்கள் என்பார்கள்.

ஆர்ஃபன் ஆன (சங்கிலியில் இடம் பெறாமல் போன) பிளாக்கைப் பட்டியலிலிருந்து அழிக்காதீர்கள். உயரம், ஹாஷ், "ஆர்ஃபன்" என்ற குறிப்போடு அப்படியே இருக்கட்டும். காலையில் பார்த்த பிளாக் மாலையில் காணாமல் போனால் எந்த விளக்கமும் எடுபடாது. கோயின்பேஸ் 100 பிளாக் முதிர வேண்டும், சுமார் 16 மணி 40 நிமிடம். அதுவரை அந்தத் தொகையை முதிராத பேலன்ஸ் என்று தனி வரியில் காட்டுங்கள்.

நடுவே ஒன்று: உங்கள் பயனர்கள் எஃப்பிபிஎஸ் பூலைக் (பிளாக் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் ஷேருக்கு உரிய தொகையைத் தரும் பூல்) காட்டி "அங்கே தினமும் வருகிறது" என்பார்கள். அங்கே லக்கின் ஆபத்தை ஆபரேட்டர் சுமக்கிறார். எவ்வளவு கையிருப்பு வேண்டும் என்பதற்கு மெனி ரோசன்ஃபெல்ட் 2011-லேயே சூத்திரம் கொடுத்துவிட்டார். 2% கட்டணத்தில், திவாலாகும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றுக்குள் இருக்க 173 பிளாக் மதிப்பு வேண்டும். இன்றைய மானியத்தில் 540 பிட்காயின். 1% கட்டணம் என்றால் இரட்டிப்பு. அந்தக் கையிருப்பைக் காட்டாத எஃப்பிபிஎஸ் பூலில் தினமும் வரும் எண் என்பது பேலன்ஸ் பக்கத்தில் உள்ள எண் மட்டுமே. 2022 செப்டம்பரில் பூலின் (Poolin) என்ற பூல் நிறுவனம் பணம் எடுப்பதை நிறுத்தி, பாக்கிக்குக் கடன் டோக்கன் கொடுத்ததை நினைத்துக்கொள்ளுங்கள்.

---

நான்ஸ்_வேட்டை எழுதியது:

நன்றி, நண்பர்களே. எஃபர்ட், மணிவாரி ஷேர் எண்ணிக்கை, ஜன்னல் விதி மூன்றும் இந்த வாரமே பக்கத்தில் ஏறும். நான்கு எண் சோதனையும் பார்த்தாயிற்று: நெட்வொர்க் டிஃபிகல்ட்டியைத் தொட்ட ஷேர் 14, சப்மிட் 14, நோடு ஏற்றது 14, சங்கிலியில் 14.

மீதி இரண்டு கேள்வி. சர்வர் விழும் நேர அறிவிப்பு எப்படி இருக்க வேண்டும்? பிறகு, ஒரு பெரிய கணக்கு மூன்று பிளாக்குக்கான வேலை கொடுத்தும் ஒரு பிளாக்கும் தரவில்லை. குழுவில் அந்தப் பெயரைப் போட்டு வித்ஹோல்டிங் (ஷேரை மட்டும் அனுப்பி, கிடைத்த பிளாக்கை மறைப்பது) என்கிறார்கள். நாங்கள் என்ன சொல்வது?

---

ஹாஷ்_கணக்கன் எழுதியது:

இரண்டாவதுக்கு மட்டும். மூன்று எதிர்பார்த்து பூஜ்யம் வர 5% வாய்ப்பு. உங்களிடம் அந்த அளவு கணக்கு 20 இருந்தால் ஒன்று அப்படித்தான் இருக்கும். எனவே பெயர் சொல்லிக் குற்றம் சாட்ட இது போதாது. எட்டு எதிர்பார்த்து பூஜ்யம் என்றால் பத்தாயிரத்தில் மூன்று, அப்போது பேசலாம்.

வித்ஹோல்டிங் நடக்காதது என்று நான் சொல்லவில்லை. 2014-ல் எலிஜியஸ் பூல் இதில் சுமார் 300 பிட்காயின் இழந்ததாக அறிவித்தது. ஆனால் வேண்டுமென்று மறைப்பதும், பழுதான ஃபர்ம்வேர் உயர் ஷேரைத் தவறவிடுவதும் வெளியிலிருந்து ஒன்றுபோலத்தான் தெரியும். ஃபர்ம்வேர் பழுதைப் பிடிக்க ஒரு வழி: ஒரு கணக்கின் ஷேர்களில் பத்தில் ஒன்று கேட்ட டிஃபிகல்ட்டியின் 10 மடங்கைத் தாண்ட வேண்டும், ஆயிரத்தில் ஒன்று 1,000 மடங்கை, பத்து லட்சத்தில் ஒன்று 10 லட்சம் மடங்கை. ஏதோ ஒரு படிக்கு மேல் திடீரென்று வெறுமையாக இருந்தால் அது மெஷின் கோளாறு, கணக்குக்காரரிடம் தனியாகச் சொல்லுங்கள், அவருக்கே தெரியாமல் இருக்கலாம். கவனமாகப் பிளாக்கை மட்டும் மறைப்பவன் இந்தச் சோதனையில் சிக்கமாட்டான்.

குழுவில் சொல்ல வேண்டியது: எந்த வரம்பைத் தாண்டினால் கணக்கை நிறுத்துவோம் என்ற விதி, அந்த வரம்பு எல்லோருக்கும் ஒன்று, தனி நபர் கணக்கை வெளியே பேசமாட்டோம். அவ்வளவுதான்.

---

ஸ்ட்ராட்டம்_3333 எழுதியது:

சர்வர் அறிவிப்பு. ஸ்டேட்டஸ் பக்கம் பூல் சர்வர்லயே இருந்தா பிரயோஜனம் இல்லை. வேற டொமைன், வேற ஹோஸ்டிங். முதல் அறிவிப்பு 15 நிமிஷத்துக்குள்ள, காரணம் தெரியலைன்னாலும். பயனருக்கு அப்போ காரணம் தேவையில்லை. அவன் மெஷினை மாத்தணுமா, ஏத்த ஷேர் நிக்குமான்னு மட்டும்தான் கேக்கிறான். இந்த மாதிரி:

"யுடிசி 04:12-லிருந்து முதல் சர்வரில் போர்ட் 3333 இணைப்புகள் துண்டிக்கப்படுகின்றன. போர்ட் 443 வேலை செய்கிறது. 04:12 வரை ஏற்ற ஷேர்கள் பத்திரமாக உள்ளன. 04:12 முதல் 04:26 வரை ஏற்றவை தரவுத்தளத்தில் பதிவானதா என்று இன்னும் உறுதியாகவில்லை. பேக்கப் பூலுக்கு மாறியவர்கள் அங்கேயே இருக்கலாம். பேலன்ஸ், பேஅவுட் பாதிக்கப்படவில்லை. அடுத்த அறிவிப்பு 05:00 மணிக்கு."

05:00-க்குப் புதுசா எதுவும் இல்லன்னாலும் "புதுசா எதுவும் இல்லை, அடுத்தது 05:45"ன்னு போடணும். சொன்ன நேரத்துக்கு வராத அறிவிப்பு, கோளாறை விட மோசம். "சில பயனர்களுக்குச் சிறிய தடங்கல்"னு எழுதாதீங்க. எத்தனை இணைப்புன்னு உங்க லாக்குல இருக்கு, அந்த எண்ணை எழுதுங்க. டிடாஸ் (வெளியிலிருந்து சர்வரைத் திணறடிக்கிற தாக்குதல்) இல்லாதப்போ டிடாஸ்னு சொல்றதும் பழைய தந்திரம். டிடாஸ்னா போர்ட் மூச்சுத் திணறும், தரவுத்தளம் தப்பாக் கணக்குப் போடாது. விவரம் தெரிஞ்சவன் ஒரே கேள்வியில கண்டுபிடிச்சிடுவான்.

தொலைஞ்ச ஷேருக்கு ஈடு கொடுக்கிறதா இருந்தா கணக்கைச் சொல்லுங்க: முந்தைய ஆறு மணி நேர சராசரி ஹாஷ்ரேட்டை அந்த 14 நிமிஷத்துக்குப் போட்டோம், அதுக்கான தொகையைப் பூல் கட்டணத்துல இருந்து எடுத்தோம்னு. எங்கிருந்து எடுத்தீங்கன்னு சொல்லலைன்னா, மத்தவன் பங்குல இருந்து எடுத்ததா நினைப்பான், பிபிஎல்என்எஸ்-ல அது நியாயமான சந்தேகம்தான்.

சொல்லக் கூடாததும் கேட்டீங்க. பின்னால இருக்கிற சர்வர் ஐபி, ஹாட் வாலட்ல இந்த நிமிஷம் எவ்வளவு இருக்கு, பயனரோட ஐபி, வொர்க்கர் பெயர். இதெல்லாம் மறைக்கலாம், மறைக்கிறோம்னு சொல்லிட்டு மறைக்கலாம்.

சர்வர் முகவரி மாற்றம், பேஅவுட் முகவரி பத்தின எந்த அறிவிப்பும் கையெழுத்தோட வரணும். கோயின்பேஸ் முகவரியோட சாவியிலேயே செய்தியைக் கையெழுத்துப் போட்டா, யார் வேணும்னாலும் சங்கிலியை வச்சே சரிபார்க்கலாம். ஸ்ட்ராட்டம் (மெஷினும் பூலும் பேசிக்கிற நெறிமுறை) முதல் பதிப்புல மறைக்குறியீடு கிடையாது, ரீகனெக்ட்னு ஒரு செய்தி அனுப்பினா மெஷின் வேற சர்வருக்குப் போயிடும். 2014-ல ரூட்டிங்கைக் கடத்தி, பல பூல்களோட மெஷின்களை இப்படித் திருப்பி விட்டாங்க. டெலிகிராம்ல "புது சர்வருக்கு மாறுங்க"ன்னு வர்ற செய்தியை நம்பக் கூடாதுன்னு பயனருக்கு முன்னாடியே பழக்குங்க.

---

நான்ஸ்_வேட்டை எழுதியது:

தெளிவாக இருக்கிறது. கடைசியாக ஒன்று. ஒவ்வொரு பிளாக்குக்கும் ஜன்னலில் இருந்த எல்லாக் கணக்கும், பெயருக்குப் பதில் சால்ட் (யூகிக்க முடியாதபடி கலக்கும் கூடுதல் எழுத்துகள்) சேர்த்த ஹாஷ், டிஃபிகல்ட்டி, கொடுத்த சடோஷி என்று ஒரு கோப்பாக வெளியிட்டால் போதுமா? அவரவர் வரியை அவரவர் பார்த்துக்கொள்ளலாம், மொத்தத்தையும் கூட்டிப் பார்க்கலாம்.

---

மெர்க்கிள்_மரம் எழுதியது:

கோப்பு நல்லது. பேஅவுட்டுக்கு முன்பே அதன் எஸ்எச்ஏ-256 மதிப்பை (கோப்பின் கைரேகை போன்ற எண்) வெளியிட்டுவிடுங்கள், பின்னால் திருத்த முடியாது. ஆனால் அதில் ஒரு ஓட்டை இருக்கிறது. இல்லாத கணக்குகளை நீங்களே சேர்த்து, அந்தப் பங்கை எடுத்துக்கொள்ளலாம். உண்மையான பயனரின் வரி சரியாகவே இருக்கும், கூட்டுத்தொகையும் சரியாக இருக்கும். வெளியே தெரிவது கெட்ட லக் மட்டும்தான். 10% போலிக் கணக்கு என்றால் லக் 10% குறையும். அதைத் தற்செயலிலிருந்து பிரித்தறிய 400 பிளாக் வேண்டும், உங்கள் பூலுக்கு அது ஒன்றரை வருடம். அதனால் "லக் சராசரிக்குத் திரும்பும், பாருங்கள்" என்பது இந்த அளவு பூலில் பதிலே இல்லை, அதைப் பயனர்களிடம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அடைக்கும் வழி, ஷேர்களையே வெளியிடுவது. எல்லாவற்றையும் அல்ல. டிஃபிகல்ட்டி 100 கோடியைத் தாண்டியவற்றை மட்டும். டிஃபிகல்ட்டி 100 டிரில்லியனில் உங்கள் பூல் ஒரு நாளில் செய்யும் வேலைக்கு அப்படிப்பட்டவை சுமார் 72,000 வரும், ஏற்ற இறக்கம் 0.4%. ஒவ்வொன்றுக்கும் 80 பைட் தலைப்பு, உங்கள் முகவரி உள்ள கோயின்பேஸ் பரிவர்த்தனை, மெர்க்கிள் கிளை (அந்தப் பரிவர்த்தனை தலைப்போடு சேர்ந்தது என்பதற்கான சான்று). வரிக்கு ஒரு கிலோபைட் என்று தாராளமாக வைத்தாலும் நாளுக்கு 72 எம்பி. ஹாஷைக் கணக்கிட்டு யாரும் சரிபார்க்கலாம், வேலை செய்யாமல் போலியாக உருவாக்க முடியாது. எண்ணிக்கையை 100 கோடியால் பெருக்கினால் பூல் உண்மையில் செய்த வேலை. உங்கள் கோப்பில் உள்ள டிஃபிகல்ட்டி கூட்டுத்தொகை அதைவிட 2% அதிகமாக இருந்தால் ஒரே நாளில் தெரிந்துவிடும்.

---

ஸ்ட்ராட்டம்_3333 எழுதியது:

ஒரு சேர்க்கை: கோயின்பேஸ்ல எக்ஸ்ட்ரா நான்ஸ் (ஹாஷ் தேடும்போது மாத்திப் பாக்குற கூடுதல் எண்) பகுதியில வொர்க்கர் பெயரை எழுதுற பூல் மென்பொருள் இருக்கு. வெளியிடுறதுக்கு முன்னாடி அது இல்லன்னு பாத்துக்கோங்க, அப்புறம் எடுக்க முடியாது. எடுத்தா ஹாஷ் மாறிடும்.